மாணாக்கர் சொல்லும் மருத்துவக் கல்வியும்

ஆசிரியர் சொல்ல மாணாக்கர் கேட்பதே கல்வி என்பது நம்மவரிடை வேரூன்றிய கொள்கை. மாணாக்கர் சொல்ல ஆசிரியர் கேட்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்று நாம் கூறின், அது குருநிந்தை என்று சினந்தெழுவார் இன்றும் உளர். அச்சினம் நியாயமன்று என்பதற்குச் சரித்திரமே சான்று.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர் இலக்கணம் கூறியதோடு அமைந்தாரில்லை. ஆசிரியராகத் தகாதார் இன்னார் என்றும் வகுத்து, கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளும் காட்டினார். வேலிக்குள்ளே நீருண்டு வேலிக்கு வெளியே காயுதிர்க்கும் தென்னையே முடத்தெங்கு. ஆகவே ஆசிரியரை அளந்து பார்த்தல் தமிழர்க்குப் புதிதன்று. மேலைநாட்டிலும், இத்தாலியின் போலோக்னா நகரில், மத்தியகால மாணாக்கர் சங்கங்கள் காலந்தாழ்த்து வந்த ஆசிரியர்க்குத் தண்டம் விதித்தன.

இனி, நம்மொழியில் நடந்த வரலாறொன்றைக் காண்போம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்ப்பதோடு இளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவங் கற்பிக்கவுந் தொடங்கினார். பாடமொழி ஆங்கிலம். மாணாக்கர் கற்றனர், தேர்ந்தனர். ஆயினும் ஆங்கிலத்திற் கற்றோர் சம்பள உத்தியோகம் நாடி வேற்றூர் செல்வதையும், கிராமத்துத் தமிழர் வைத்தியரின்றி நிற்பதையும் கிறீன் கண்டார். முடத்தெங்கின் கதை இதுவன்றோ?

வினாத்தாள் அச்சிட்டு மாணாக்கர் கருத்தைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எனினும் மாணாக்கரின் நடையே ஆசிரியர்க்கு விடையாயிற்று. கிறீன் அவர்களைப் பழித்து ஓய்ந்தாரில்லை. தம் கற்பித்தலையே மாற்றினார். 1852 முதலே தமிழில் மருத்துவ நூல் வெளியிட்டு வந்த அவர், தாய்நாடு சென்று 1862-இல் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே பாடஞ் சொன்னார். 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ முதலாய நூல்கள் வெளிவந்தன. டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பில் அவர்க்குத் துணைநின்றனர். கேட்டவர் எழுதுவோராயினர். எச்சொல் தமிழர் செவிக்கு எளிது என்பதை அவர்களைவிட நன்கறிந்தார் யார்? கிறீனிடம் பயின்ற 62 பேருள் 33 பேர் தமிழிற் கற்றவர். 1873-இல் யாழ்ப்பாணத்தை நீங்கிய அவர் 1884-இல் காலமானார்.

மாணாக்கர் கருத்தை முறைப்படி கேட்டறியும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. 1920-களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்பார் ஆசிரியரை மாணாக்கர் மதிப்பிடும் அளவுகோலொன்றை அமைத்தார். உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2003-இல் வெளியிட்ட தரநெறிகள், ஆசிரியர் மாணாக்கர் இருசாரார் கருத்தும் கேட்கப்படவேண்டும், ஆராயப்படவேண்டும், அவற்றிற்கேற்பச் செயலும் நடக்கவேண்டும் என விதித்தன. இம்மூன்றில் முதலாவதை மட்டுஞ் செய்து தாளை அலமாரியில் அடுக்கிவைப்பது வீண்வேலை. மாணாக்கர் தீர்ப்பே முடிந்த தீர்ப்பென்றும் நாம் கூறோம். எளிதாக மதிப்பெண் தருபவரைப் புகழ்தலும், கண்டிப்பானவரை இகழ்தலும் மனித இயல்பு. ஆதலின் சக ஆசிரியர் வகுப்பிலிருந்து நேரிற் கண்டு கூறுவதையும் உடன்வைத்து நிறுத்துப் பார்த்தலே நேர்மை.

இஃது எங்கோ நடக்கும் கல்லூரிச் சங்கதி என்று ராசாவிலுள்ள தோழர் எண்ணவேண்டா. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் சொல்லே மருந்தாயிருந்த காலத்தை நம் பெரியோர் அறிவர். மருந்தை எவ்வேளை உண்பதென்று விளங்காமலே தலையசைத்துத் திரும்பிய தொழிலாளர் எத்தனை பேர்! இன்று சிரம்பானில், ராசா சாலையிலுள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனையில், மருத்துவ மாணாக்கர் நோயாளரின் கட்டிலருகே நின்று பயில்கின்றனர். அக்கட்டிலிற் கிடப்பவர் நம் தாயாகவும் இருக்கலாம். ‘அவர்க்கு நாம் சொன்னது விளங்கவில்லை, ஐயா, எவ்வாறு சொல்வதென்று எங்கட்குக் கற்பியுங்கள்’ என்று ஒரு மாணாக்கன் ஆசிரியரிடம் அஞ்சாது கூறுவானாயின், அது குருநிந்தையாகுமா? நோயாளரைக் காக்கும் சொல்லன்றோ அது!

பிள்ளைகளை மருத்துவம் பயில அனுப்பும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: வாய்மூடிக் கற்குமாறு அவர்களைப் பழக்காதீர். குறைகண்டவிடத்துப் பணிவோடு எடுத்துரைக்கப் பழக்குங்கள். ஆசிரியன்மார்க்கும் ஒரு சொல்: மானிப்பாய் ஆசிரியர் தம் மாணாக்கரைக் கண்டு தம்மைத் திருத்திக்கொண்டதால் சிறுத்துப்போனாரல்லர்.