இரு கண்களுக்கு நடுவே: மான் ஒளிப்படத்தின் வரலாறு

காட்டு விலங்குகளைப் படமெடுக்கப் பழகுவோர்க்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம், கண்ணில் குவியத்தை வை என்பது. மானைப் பொறுத்தவரை இவ்விதி இன்னும் வலுப்பெறுகிறது. செவிகள் நிமிர, தலை உயர, இரு கண்களும் நம்மையே நோக்கும் அக்கணத்தில் விரல் தானாகவே பொத்தானை அழுத்திவிடுகிறது. அந்தப் படத்தைத்தான் நண்பர்களும் பாராட்டுகிறார்கள். இந்த ரசனை எங்கிருந்து வந்தது? விடை தேடிப் புறப்பட்டால், ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அமெரிக்க ஏரிக்கரையில் சென்று நிற்கிறோம்.

சுப்பீரியர் பேரேரிக்குத் தெற்கே, மிச்சிகன் மாநிலக் காட்டில் உள்ளது ஒயிட்ஃபிஷ் ஏரி. சிறுவயது முதலே அங்கு வேட்டைக்குச் சென்றவர் மூன்றாம் ஜார்ஜ் ஷைரஸ் (1859-1942). தந்தை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி, தாமும் வழக்கறிஞர். ஒளிப்படம் இவருக்குத் தொழிலன்று. விருப்பத்தால் கற்றுக்கொண்ட கலை.

அப்பகுதியின் தொல்குடியினரான ஒஜிப்வே மக்களிடம் ஒரு வேட்டை முறை இருந்தது. இரவில் தோணியின் முன்முனையில் தீச்சட்டி ஒன்றை வைத்து ஓசையின்றித் துடுப்பு வலிப்பார்கள். நீரருகே வந்து நிற்கும் வெள்ளைவால் மான் அந்தச் சுடரைக் கண்டு திகைத்து நின்றுவிடும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் அதன் கண்கள் இருளில் இரு கனல்களாக மின்னும். சுடருக்குப் பின்னால், நிழலில் அமர்ந்திருக்கும் வேட்டைக்காரனை மான் காண்பதில்லை. அவன் அவ்விரு கனல்களுக்கு நடுவே குறிபார்ப்பான்.

1889 வாக்கில் ஷைரஸ் துப்பாக்கி இருந்த இடத்தில் புகைப்படக் கருவியை வைத்தார். தோணி அதே தோணி. விளக்கும் இருளும் துடுப்பின் மௌனமும் முன்பிருந்தவையே. மெக்னீசியத் தூள் வெடித்து எரியும் பேரொளியில் கண்ணாடித் தகட்டில் மான் பதிந்தது. பின்னர் இன்னொரு வழியையும் கையாண்டார். விலங்கு நடமாடும் தடத்தில் கயிறு கட்டி வைத்தால், அது இடறும்போது வெளிச்சமும் படமும் ஒருங்கே நிகழும். இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தானியங்கிக் கேமராக்களுக்கு இதுவே முன்னோடி எனலாம்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய இரவுப் படங்கள் தங்கப்பதக்கம் பெற்றன. 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒருசேர வெளியிட்டது. அறிவியல் இதழ் படப் புத்தகமாகிவிட்டது என்று சினந்து நிர்வாகக் குழுவினர் இருவர் விலகினர் என்பார்கள். காட்டு மான் இரவில் எவ்வாறு நிற்கும், எவ்வாறு நீரருந்தும் என்பதை நகரத்து வாசகன் கண்ணால் கண்டது அப்போதுதான்.

காலமும் அதற்கு ஏற்றதாயிருந்தது. சந்தைக்கான வேட்டையால் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் அப்போது சில இலட்சங்களாகக் குறைந்திருந்தன. 1903 முதல் 1905 வரை நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ஷைரஸ், வலசைப் பறவைகளைக் காக்க 1904-இல் ஒரு மசோதாவையும் கொண்டுவந்தார். கொல்லாமலும் வேட்டையின் இன்பத்தைப் பெறலாம் என்று ஒரு தலைமுறைக்கு உணர்த்திய பெருமை அவருக்கு உண்டு.

ஆயினும் இங்கே நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. மாறியது கருவி மட்டுமே, பார்வை மாறவில்லை. தோட்டா தேடிய அதே இரு கண்களைத்தான் வில்லையும் தேடியது. வெடியொளியில் வெருண்டு பாயும் மான்களின் படங்களும் ஷைரஸின் தொகுப்பில் உள்ளன. அவற்றின் அழகையும் அந்த அச்சத்தையும் பிரிக்கவே இயலாது. ஆங்கிலத்தில் படத்தைச் ‘சுடுகிறார்கள்’, நாம் ‘பிடிக்கிறோம்’. நம் கவிமரபும் பெண்ணின் விழிக்கு உவமை தேடியபோது, அமைதியாக மேயும் மானைவிட மருண்டு நோக்கும் பிணையையே பெரிதும் நாடியது. மானின் அச்சத்தை அழகாகக் காணும் பழக்கம் நமக்கும் புதிதன்று.

இந்தியக் காடுகளுக்குக் கயிற்றுமுறையைக் கொண்டுவந்து பெயர்பெற்றவர் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். புலிகளின் இரவுப் படங்கள் கொண்ட அவரது நூல் 1927-இல் வெளிவந்தது. தமிழகத்தில் இத்துறையின் பெரும் பெயர் மா. கிருஷ்ணன் (1912-1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் என்று சொன்னால் இலக்கிய வாசகர்க்கு இன்னும் நெருக்கமாவார். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை குறித்து எழுதிவந்த அவர், கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். அவர் முதலில் இயற்கையியலர். கேமரா அவர் கண்டதைக் குறித்துக்கொள்ளும் ஏடு. விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே அவருக்கு முதற்கேள்வி.

கற்றுக்குட்டிகளாகிய நமக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்றுண்டு. புள்ளிமான் தலை தூக்கி நம்மை நோக்கினால், அது நம்மைக் கண்டுகொண்டது என்று பொருள். முன்காலால் நிலத்தை உதைத்தால் ஐயம் முற்றிவிட்டது. வாலை உயர்த்தினால் ஓடப்போகிறது. கோடையில் அந்த ஓட்டம் அதற்கு ஒரு வாய் நீரை இழக்கச் செய்யலாம். நாம் சிறந்ததென்று சேமித்து வைக்கும் படம், பெரும்பாலும் நாம் தோற்ற கணத்தின் படம்.

மேய்ந்துகொண்டும் அசைபோட்டுக்கொண்டும், மறியை நக்கிக்கொண்டும், நம்மை அறியாமலே கடந்துபோகும் மானைப் படமெடுக்கக் காற்றின் திசையை அறிய வேண்டும். தொலைவை ஏற்க வேண்டும். நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும். அப்படத்தில் கண்கள் மின்னாமல் போகலாம், பாராட்டும் குறையலாம். ஆனால் ஷைரஸ் கீழே வைத்த துப்பாக்கியின் குறிபார்வையையும் நாம் கீழே வைத்துவிட்டோம் என்பதற்கு அதுவே சான்றாக இருக்கும்.