கயிற்றில் இறங்கியவர்கள்

டில்லி, சண்டிகர் முதலிய வடபுலத்து நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறைப் போக்கிடங்கள் முன்பு சிலவே. ஹரித்துவாரம், ஆக்ரா, மதுரா என்று சுற்றி வந்தால் பட்டியல் முடிந்துவிடும். இப்போது அப்பட்டியலில் புதியதொன்று சேர்ந்திருக்கின்றது. மலைமுகட்டிலிருந்து எதிர்க்குன்றுக்கு எஃகுவடம் ஒன்றைக் கட்டி, அதில் ஒரு கப்பியை ஏற்றி, கப்பியிலிருந்து தொங்கும் வாரில் மனிதரை அமர்த்தி விட்டுவிடுகிறார்கள். கீழே பள்ளத்தாக்கு, நடுவே காற்று. அரை நிமிடத்தில் அக்கரை. ஜிப்லைன் என்று உலகம் வழங்கும் இதனை நாம் ‘வடச்சறுக்கு’ எனலாம். நாள்தோறும் ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குச் சுமந்து செல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இதனினும் பொருத்தமான சொல் கிட்டவில்லை. சொற்குழு எதுவும் இதனை ஏற்றதாகக் கொள்ள வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் வற்புறுத்தலால் நாமும் குடும்பத்தோடு சென்று கண்டோம். முதலில் நிறை பார்க்கின்றனர். எடை மிகுந்தவர் விரைந்து செல்வதும், இலேசான சிறுவர் காற்று எதிர்த்தால் வடத்தின் நடுவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அவ்வாறு நின்றவரைப் பணியாளர் கயிற்றில் ஊர்ந்து சென்று இழுத்து வருவர். தலைக்குக் கவசம், இடுப்புக்கும் தொடைக்கும் வார், ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்குமாறு இரண்டு இணைப்புகள். பக்கத்திலேயே மரத்துக்கு மரம் கயிறும் பலகையும் கட்டிய உயர்நடைப் பாதை. வீட்டுப் பாட்டி மட்டும் கீழே நாற்காலியில் அமர்ந்தவாறு, “இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கூத்து” என்று தீர்ப்புக் கூறினார்.

அத்தீர்ப்பில் பாதி உண்மை. எஃகுவடம் 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்லெம் ஆல்பர்ட் என்னும் அதிகாரியால் ஆக்கப்பட்டது. மரமும் கயிறும் தடையும் கொண்டு உடலைப் பழக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் ஜார்ஜ் எபேர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர். 1970களில் கோஸ்டாரிகா நாட்டுக் காடுகளில் மர உச்சிகளில் வாழும் உயிர்களை ஆராயச் சென்ற டொனால்டு பெர்ரி போன்ற உயிரியலாளர் கயிறுகளைக் கட்டி மேலே உலவினர். ஆராய்ச்சிக்குக் கட்டிய கயிறு பின்னர் உல்லாசப் பயணிகளுக்கு உரியதாயிற்று. இந்தியாவில் டில்லி–ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையை அடுத்த நீம்ராணாக் கோட்டையில் 2009இல் வடச்சறுக்கு தொடங்கிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1954இல் டார்ஜிலிங்கில் நிறுவப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் டென்சிங் நோர்கேயின் மேற்பார்வையில் இளைஞர் கயிற்றுப் பயிற்சி பெற்று வந்தனர்.

எஞ்சிய பாதிதான் நாம் சொல்ல வந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கயிறு கட்டி, அதன்மேல் மனிதனை அமர்த்திச் சறுக்கவிடும் வழக்கம் இமயத்தின் கார்வால் நாட்டில் இருந்தது. அது விளையாட்டாக இருந்ததில்லை.

கூர்க்கர்களிடமிருந்து குமாவூன், கார்வால் பகுதிகள் 1815இல் ஆங்கிலேயர் வசமாயின. அங்கே ஆணையராக இருந்த ஜார்ஜ் வில்லியம் டிரெயில், தாம் கண்டவற்றை 1828இல் வெளியான கட்டுரை ஒன்றில் எழுதியுள்ளார். மழை பொய்த்தாலும், மண் விளையாவிட்டாலும், கால்நடைகளுக்கு நோய் கண்டாலும் தெய்வச் சினமே காரணம் என்று மலைமக்கள் எண்ணினர். சிவபெருமானைக் காவற்கடவுளாகக் கொண்ட ஊர்களில் அச்சினம் தணிய விழா எடுத்தனர். செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை கயிற்றை இழுத்துக் கட்டினர். அதன்மேல் இறங்குபவர் பேடா என்னும் பரம்பரைக் கூத்தர் குலத்தவர்.

அமைப்பைக் கேட்டால் இன்றைய பொறியாளரும் வியப்பர். மரச்சேணம் ஒன்று. அதன் அடியில் ஆழ்ந்த பள்ளம் ஒன்றைக் குடைந்து, கயிறு அதில் பொருந்துமாறு அமைத்தனர். சேணத்தின் மேல் பேடா தோல்வாரால் கட்டப்பட்டார். நிலை தடுமாறாதிருக்க இரு கால்களிலும் மணற்பைகள். ஆட்டுக்குட்டி பலியிடப்பட்டதும் அவரை விட்டுவிடுவர். எவ்வளவுதான் நெய்ப்புத் தடவினாலும் உராய்வினால் சேணம் வழியெல்லாம் புகை கக்கிக்கொண்டே சென்றதாம். இன்று கப்பியின் உருளை செய்யும் வேலையை அன்று அக்குடைந்த மரம் செய்தது. வேற்றுமை அவ்வளவே.

கயிறு ‘பாபர்’ என்னும் மலைப்புல்லால் திரிக்கப்பட்டது. ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனம். அதனைப் பேடா தம் கையாலேயே முழுவதும் திரித்தார். அறுந்தால் மடிவது தாமே ஆகலின் பிறர் கையை அவர் நம்பவில்லை. கூலி நூறு முழத்துக்கு ஒரு ரூபாய். கூலிக்கு அளவு வேண்டுமாகையால் கயிற்றை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அளந்தனர். டிரெயில் கண்டவற்றுள் மிக நீண்டது 2,100 முழம். ஏறத்தாழ மூவாயிரம் அடிக்கு மேல். அத்தனை நீளத்துக்கும் அவர் பெற்றது 21 ரூபாய். இன்று இறங்குபவர் பணம் கொடுக்கின்றார். அன்று இறங்கியவர் பெற்றார்.

தவறி விழுந்தவரின் கதியையும் டிரெயில் மறைக்கவில்லை. முற்காலத்தில் கீழே விழுந்த பேடாவைச் சூழ நின்றோர் உடனே வாளால் வெட்டிவிடுவது வழக்கமாம். அது தடைசெய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஐம்பது ஊர்களுக்குக் குறையாமல் விழா நடந்தும் 1815க்குப் பின் உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை என்றும் எழுதுகின்றார். கயிறு திரித்த கைகளின் திறனுக்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

விழா முடிந்ததும் கயிற்றைத் துண்டு துண்டாக்கி ஊரார் பகிர்ந்துகொண்டு வீட்டு இறவாரத்தில் காப்பாகத் தொங்கவிட்டனர். பேடாவின் தலைமயிரையும் வாங்கி வைத்துக்கொண்டனர். இவற்றை எல்லாம் படிக்கும்போது அவர் தெய்வமாகப் போற்றப்பட்டார் என்றே தோன்றும். ஆனால் அடுத்து வரும் செய்தி நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. பிறர் நிலத்துக்கு வளம் தேடித் தந்தவர் ஆகையால் அவர் நிலம் மலடாகும் என்று மக்கள் உறுதியாக நம்பினர். அவர் கையால் விதைத்த விதை முளைக்காது என்றனர். ஆகவே அவர் ஊரார் ஆண்டுதோறும் அளக்கும் தானியத்தை நம்பியே வாழ்ந்தார். ஊரின் துன்பத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ள ஒருவரை நியமித்து, அப்பதவியைக் குலவழியாக்கி, அவருக்கு ஏரும் விதையும் இல்லாமற் செய்த ஏற்பாடு இது. நம்பிக்கை என்ற ஒரு சொல்லால் இதனைக் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை.

வழக்கம் அடியோடு மறையவும் இல்லை. இமாசலப் பிரதேசத்தில் நெடுங்கால இடைவெளி விட்டு நடைபெறும் பூண்டா என்னும் பெருவேள்வியிலும் பேடா கயிற்றில் இறங்குவார். சிலவிடங்களில் மனிதருக்கு மாறாக ஆட்டைச் சேணத்தில் கட்டி இறக்கும் வழக்கமும் ஏற்பட்டது. சிம்லா மாவட்டத்து ரோஹ்ரூவை அடுத்த பள்ளத்தாக்கு ஒன்றில், சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில் இவ்விழா நடந்தது. முதுமையை எட்டிய ஒரு பேடாவே இறங்கினார். புற்கயிறு திரிக்கும் வேலையில் உணவுக் கட்டுப்பாடும் மௌனமும் நோன்பாகக் கொள்ளப்படுகின்றன.

ஈண்டு நம்மவர்க்கு நெருக்கமான ஒரு செய்தியுண்டு. வடநாட்டார் கயிற்றில் ஆடியதைத் தமிழர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே அறிவர். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், பெரும்பதுமனார் என்னும் புலவர், காற்றில் அசையும் வாகை நெற்றுகளின் ஒலிக்கு ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையொலியை உவமை கூறுகின்றார். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதே உவமை. அப்படியானால் வடக்கிலிருந்து வந்த கயிற்றாட்டக்காரரின் பறை தமிழகத்து வழிகளில் நன்கு கேட்டுப் பழகிய ஒலியாக இருந்திருத்தல் வேண்டும். அவர்கள் இமயத்துப் பேடாக்களே என்று சொல்ல நாம் துணியோம். பிழைப்புத் தேடித் தெற்கே வந்த வடவர் அவர்கள். பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர் நாம்.

கயிறு மலைமக்களுக்கு விழாப்பொருள் மட்டுமன்று, வழியும் அதுவே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாஹியான் சிந்து நதியைக் கயிற்றுப் பாலத்தின் வழியே கடந்தார். அருணாசலப் பிரதேசத்து மிஷ்மி மக்கள் ஆற்றின் குறுக்கே பிரம்புக்கயிறு கட்டி, அதில் கோத்த வளையத்துள் உடலைச் செலுத்தி, கையாலும் காலாலும் தம்மை இழுத்துக்கொண்டு கடந்தனர். ரிஷிகேசத்து லட்சுமணன் ஜூலாவின் பெயரிலுள்ள ‘ஜூலா’ என்பதற்கு ஊஞ்சல் என்று பொருள். பழைய கயிற்றுப் பாலத்துக்கு மாற்றாக 1889இல் இரும்புவடப் பாலம் அமைந்தது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அதனைக் கொண்டுபோயிற்று. 1930இல் திறக்கப்பெற்ற பாலமே பல தலைமுறை யாத்திரிகர் நடந்தது. பாதுகாப்புக் கருதி அதனை மூட 2019இல் ஆணை பிறந்தது.

அதே கங்கையின் மேற்பகுதிகளில், 2013 ஜூன் மாதப் பெருவெள்ளம் நடைபாலங்கள் பலவற்றை அடித்துச் சென்றபின், உத்தராகண்டத்துச் சிற்றூர் மக்கள் வடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் அமர்ந்து, கயிற்றைத் தம் கையாலேயே இழுத்து ஆற்றைக் கடந்தனர். பள்ளிச் சிறுவரும் புல்லறுக்கச் செல்லும் பெண்டிரும் அதில் ஏறினர். நிறை பார்ப்பாரும் இல்லை. இரண்டாம் இணைப்பும் இல்லை. கப்பியில் விரல் நசுங்கி இழந்தோர் உண்டு. பாலம் மீண்டும் எழும்வரை சிலவூர்களில் ஆண்டுகள் பல அவ்வாறே கழிந்தன.