கடலில் நின்ற ரேடார் கோபுரம்

கடற்கரையில் நின்று, தொலைவில் செல்லும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அதன் அடிப்பகுதி மறையும். உச்சி கடைசியாக மறையும். பூமி உருண்டை என்பதற்குப் பள்ளியில் சொல்லித் தந்த சான்று இது. ரேடாருக்கும் இதே தொல்லை உண்டு. அதன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்து வரும் விமானம் சுமார் 130 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே கரையிலுள்ள ரேடாருக்குத் தெரியும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் அத்தொலைவைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

1949 ஆகஸ்டில் சோவியத் நாடு தன் முதல் அணுகுண்டைச் சோதித்த பிறகு, அமெரிக்கர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் போதவில்லை. ரேடாரையே கடலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன? லிங்கன் ஆய்வகத்தார் 1952இல் இந்த யோசனையைச் சொன்னார்கள். டெக்சாஸ் கரைக்கு அப்பால் எண்ணெய் எடுக்க எழுப்பிய மேடைகளை ஒத்திருந்ததால் 'டெக்சாஸ் கோபுரங்கள்' என்று பெயர் வந்தது. ஐந்து கட்டத் திட்டமிட்டார்கள். செலவைக் கருதி இரண்டைக் கைவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தில் தவறில்லை. கதை வேறிடத்தில் இருக்கிறது.

முக்கோண மேடை, அதைத் தாங்க மூன்று எஃகுக் கால்கள், மேலே பந்து போன்ற கூண்டுகளுக்குள் ரேடார்கள்: இதுதான் அமைப்பு. இரண்டாம் எண் கோபுரம் 56 அடி ஆழத்திலும், மூன்றாம் எண் கோபுரம் 80 அடி ஆழத்திலும் நின்றன. நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் நான்காம் எண்ணுக்குக் கிடைத்த இடத்தில் ஆழம் 185 அடி!

ஒரு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, அதன் நுனியைத் தள்ளிப் பாருங்கள். அதே பருமனில் இருமடங்கு நீளமுள்ள கழியை அதே விசையுடன் தள்ளினால், நுனி இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு விலகும். நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப விலகல் கூடுகிறது. இக்கணக்கின்படி 80 அடிக் கால் ஓரடி அசைந்தால், 185 அடிக் கால் சுமார் 12 அடி அசையும். எனவே நான்காம் கோபுரத்தின் கால்களுக்கு இடையே, நீருக்கடியில், சாய்வுத் தாங்கிகள் பொருத்தினார்கள். முக்கோணம் வடிவம் மாறாது அல்லவா? சைக்கிள் சட்டத்தின் பலமும் அதுதான்.

1957 கோடையில், மேயின் மாநிலத்தில் கட்டிய கால்களைத் தாங்கிகளோடு படுக்கை வாட்டில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். உரிய இடத்தில் நிமிர்த்தி நிறுத்துவதற்குள் இரண்டு சாய்வுத் தாங்கிகள் கழன்று போயின. அவற்றைத் துறைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கலாம். ஆனால் அந்தக் கடலில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் கோடை மட்டுமே. திரும்பினால் ஓராண்டு தாமதம். அங்கேயே சரிசெய்துவிட முடிவாயிற்று. முக்குளிப்போர் இறங்கி, கால்களைச் சுற்றிப் பட்டைகள் மாட்டி, போல்ட்டுகளால் முடுக்கிப் புதுத் தாங்கிகளைப் பொருத்தினார்கள்.

கோபுரம் ஆடத் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் அதற்குக் 'கிழட்டு நடுங்கி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இணைப்பில் சிறிது இடைவெளி விழுந்தாலும், ஒவ்வோர் அலையும் அதைக் கொஞ்சம் பெரிதாக்கும். இடைவெளி பெருகினால் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் இடைவெளி இன்னும் பெருகும். போல்ட்டுகளை மாற்றினார்கள், கூடுதல் தாங்கிகள் வைத்தார்கள்.

மணிக்கு 125 மைல் காற்றையும் 35 அடி அலையையும் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டியது அது. 1960 செப்டம்பர் 12 அன்று வந்த 'டோனா' புயலின் அலைகள் அக்கணக்கை மீறின. நீருக்கடியில் தாங்கிகள் முறிந்தன. பெரும்பாலோரைக் கரைக்கு அனுப்பினார்கள். விமானப்படையினர் 14 பேரும், பழுது பார்க்க வந்த ஊழியர்கள் 14 பேரும் தங்கினார்கள்.

1961 ஜனவரி 15 அன்று மீண்டும் கடும் புயல். ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. அருகே காத்திருந்த சரக்குக் கப்பலின் ரேடார் திரையில் கோபுரம் ஒரு புள்ளியாகத் தெரிந்துகொண்டிருந்தது. மாலை ஏழரை மணிக்குச் சற்று முன் அந்தப் புள்ளி மறைந்தது. 28 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டு உடல்கள்தாம் கிடைத்தன.

பகைவன் விமானத்தை விட்டு ஏவுகணைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சிய இரண்டு கோபுரங்களையும் 1963இல் மூடிவிட்டார்கள்.