முன்னுரிமைக்கு ஓர் எண்

திட்ட அட்டவணை மென்பொருள்களில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் இருப்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், இத்துறை தொடங்கிய காலத்தில் அதற்குத் தேவையே எழவில்லை. 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினிக்காக வகுத்த ‘கிரிட்டிகல் பாத்’ முறை, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்ற வரிசையையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலத்தையும் கொண்டு, சற்றுப் பிந்தினாலும் திட்டம் முழுவதையும் பிந்தவைக்கும் பணித் தொடரைக் கண்டறிந்தது. டூபாண்டின் லூயிவில் ஆலையில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்திவைக்கும் நேரம் சராசரி 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்ததே அதன் புகழுக்கு வித்திட்டது.

ஆயினும் அந்த அடிப்படைக் கணக்கு, ஆளும் கருவியும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் என்று கொண்டிருந்தது. இருப்பது ஒரே கிரேன், அதை ஒரே நாளில் கேட்பவை இரண்டு பணிகள் என்றால் எதைத் தள்ளிவைப்பது என்ற கேள்விக்கு, கெல்லி 1963இல் வெளியிட்ட கட்டுரை உள்ளிட்ட ஆய்வுகள் விடை தேடின. திட்டத்தைப் பாதிக்காமல் ஒரு பணி பிந்தக்கூடிய அவகாசம் ‘ஃப்ளோட்’ எனப்படும். அது குறைவாக உள்ள பணிக்கே முதலிடம் என்பது போன்ற விதிகள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டன. முன்னுரிமை என்பது பணியின் பெருமையைச் சொல்வதற்காக அன்றி, பற்றாக்குறையில் எழும் வழக்கைத் தீர்ப்பதற்காகவே பிறந்தது.

அந்தத் தீர்ப்பில் பயனருக்கும் பங்கு தந்த மென்பொருள்களுள் பரவலானது மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட். தொடக்கத்தில் மிகத் தாழ்வு முதல் மிக உயர்வு வரை பெயரிட்ட சில படிகளே அதில் இருந்தன. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 0 முதல் 1000 வரையிலான எண்களாயின. கையால் தேர்ந்தெடுப்பவருக்குப் பெயர்களே போதும். இத்தனை நுண்மை உண்மையில் பயன்படுவது நிரலுக்குத்தான். எதுவும் குறிப்பிடாத பணி 500 பெறும். 1000 பெற்ற பணியை, மோதும் பணிகளைத் தள்ளிவைக்கும் ‘லெவலிங்’ தொடாது.

இந்த மென்பொருளைத் தானாக இயக்க விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ என்னும் சிறு நிரல், ஒரு பணியின் ‘ப்ரையாரிட்டி’ பண்பை 900 என மாற்றியதும் தேதிகள் நகர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்போர் பலர். லெவலிங் இயங்கும்வரை ஒரு தேதியும் அசையாது. இயங்கினாலும், வழக்கமான ‘ஸ்டாண்டர்ட்’ வரிசையில் பணிச் சார்பு, அவகாசம், தேதி ஆகியவற்றோடு கலந்தே அந்த எண் எடைபோடப்படுகிறது. ‘ப்ரையாரிட்டி, ஸ்டாண்டர்ட்’ என்ற வரிசையை நிரல் வெளிப்படையாகத் தேர்ந்தால்தான் 900 முதலில் பார்க்கப்படும்.