முன்னிலை என்னும் சுமை: ஹங்கேரோரிங் 1998, 2019 பந்தயங்களில் டயரும் பிட் ஸ்டாப்பும்

கூடுதலாக ஒருமுறை பிட்டுக்குள் போய்வந்தும் வென்ற ஃபார்முலா 1 பந்தயங்களைப் பேசுவோர், ஹங்கேரோரிங் தடத்தில் 1998இல் மைக்கேல் ஷூமாக்கரும் 2019இல் லூயிஸ் ஹாமில்டனும் பெற்ற வெற்றிகளை ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். முந்திச் செல்வது கடினமான அதே தடம், அதே துணிச்சல் என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் முதலாவதில் பிட் ஸ்டாப்பின் நேரத்தை முடிவு செய்தது எரிபொருள், இரண்டாவதில் டயர். இந்த வேறுபாடு முன்னால் ஓடுபவரின் நிலையையே தலைகீழாக்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1998இல் மெக்லாரனின் ஹாக்கினனும் கூல்ட்ஹார்டும் இரண்டு நிறுத்தங்களோடு ஓட, ஷூமாக்கரின் ஃபெராரி அணியைச் சேர்ந்த ராஸ் பிரான் பந்தயத்தின் நடுவிலேயே மூன்று நிறுத்தங்களுக்கு மாறினார். 43ஆம் சுற்றில் குறைந்த எரிபொருளோடு பிட்டிலிருந்து வெளிவந்த ஷூமாக்கர், அடுத்த நிறுத்தத்துக்குள் 19 சுற்றுகளில் 25 விநாடிகளைத் திரட்ட வேண்டியிருந்தது. சுற்றுக்கு ஒன்றே கால் விநாடிக்கும் மேல்! இடையில் ஒருமுறை தடம் விட்டு விலகியும் அதைச் செய்து முடித்தார். ஹாக்கினனின் காரில் ஏற்பட்ட கோளாறும் அவருக்குக் கைகொடுத்தது. புகழுரைகள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எப்படியாயினும் இங்கே ஆபத்து முழுவதும் துரத்தியவர் தலையில்தான் இருந்தது. மெக்லாரன் தன் திட்டப்படி ஓடினால் போதும்.

2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்தது. அதுவரை பிட்டிலிருந்து வெளிவரும் கார் புது டயரோடு எரிபொருளின் கனத்தையும் சுமந்து வந்தது. ஆகவே லேசான காரோடு தடத்தில் இன்னும் ஓரிரு சுற்று தங்குபவருக்குப் பல வேளைகளில் ஆதாயம் இருந்தது. தடைக்குப் பின் புது டயரின் பிடிமானம் மட்டுமே எஞ்சியது. முதலில் உள்ளே போகிறவர் முந்துகிறார். அண்டர்கட்டின் வலிமை இதுதான். 2021 பிரெஞ்சுப் பந்தயத்தில் வெர்ஸ்டாப்பன் 18ஆம் சுற்றில் டயர் மாற்றினார், ஹாமில்டன் 19இல் மாற்றினார். அந்த ஒரு சுற்றில் ஹாமில்டனின் சுமார் மூன்று விநாடி முன்னிலை கரைந்தது. பிட் குழுவினர் இரண்டு விநாடியில் நான்கு டயர்களையும் மாற்றுவதை நாம் வியக்கிறோம். ஆனால் எந்தச் சுற்றில் அழைத்தார்கள் என்பதற்கே பெரும்பாலும் எடை அதிகம்.

2019க்கு வருவோம். வெர்ஸ்டாப்பன் 25ஆம் சுற்றில் ஹார்டு டயருக்கு மாறி முன்னிலையில் இருந்தார். ஹாமில்டன் 48ஆம் சுற்றில் இரண்டாம் முறையாக உள்ளே போய் மீடியம் டயரோடு ஏறத்தாழ 20 விநாடி பின்னால் வெளிவந்தார். எஞ்சியவை 22 சுற்றுகள். சுற்றுக்கு ஒரு விநாடி கூடத் தேவையில்லை. வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணி பதிலுக்கு அவரை அழைத்தால் அண்டர்கட்டில் இடம் போகும். அழைக்காவிட்டால் டயர் போகும். எதைத் தேர்ந்தாலும் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை துரத்துபவருக்கே. 67ஆம் சுற்றில் ஹாமில்டன் முந்தினார்.

அவர் இழக்கக்கூடியது என்ன? எதுவுமில்லை. மூன்றாவதாக வந்த வெட்டல் இறுதியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். முந்தப்பட்ட பிறகு வெர்ஸ்டாப்பனும் உள்ளே போய்ப் புது டயர் போட்டு, பந்தயத்தின் அதிவேகச் சுற்றையும் ஓட்டி, இரண்டாம் இடத்தை இழக்காமல் முடித்தார். ஆகவே 2019இன் முடிவைத் துணிச்சல் என்பதைவிடச் செலவில்லாத பந்தயம் கட்டுதல் என்பதே பொருந்தும். 1998இல் அந்த வசதி இல்லை.

இதற்கு மறுப்பாக 2024 மோன்சாவைக் காட்டலாம். 15ஆம் சுற்றில் மாற்றிய ஹார்டு டயரிலேயே லெக்லெர் 53 சுற்றுப் பந்தயத்தை முடித்தார். 38ஆம் சுற்றில் மீண்டும் டயர் மாற்றித் துரத்திய பியாஸ்ட்ரி 2.6 விநாடி பின்தங்கினார். முன்னிலை இங்கே சுமையாகவில்லை. காரணம் டயரின் தேய்மானம் நேர்கோட்டில் ஏறவில்லை. அந்த ஆண்டு புதிதாகப் போடப்பட்ட தார்த்தளத்தில் தொடக்கத்தில் ரப்பர் துகளாக உரிந்தது. ஓட ஓடத் தளத்தில் ரப்பர் படிந்து அது தணிந்தது. சுற்றுக்கு எத்தனை விநாடி இழப்பு என்ற ஒற்றை எண்ணை வைத்துப் போடும் கணக்கு இத்தகைய தளத்தில் செல்லாது. என் வாதம் பொருந்துவது, பழைய டயர் சுற்றுக்குச் சுற்று தளர்ந்துகொண்டே போகும் பந்தயங்களுக்கு மட்டும்.