முசிறியின் வாயும் கொச்சியின் வாயும்

கடல் நிலத்துக்குள் நுழையும் இடங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விதவிதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களை அவற்றையெல்லாம் நெட்டுருப் போட வைத்தார்கள். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. சாதாரண ஆறு அரித்த பள்ளத்தாக்கில் புகுந்தால் ரியா. மணல்திட்டு மறித்து நின்றால் லகூன். நார்வேயின் சோக்னே ஃபியோர்டு சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே போகிறது. ஆழம் 1,300 மீட்டர். இந்தியாவில் ஃபியோர்டு கிடையாது. ஆனால் பெயருக்கு நம்மிடமும் பஞ்சமில்லை: கழி, உப்பங்கழி, காயல், கழிமுகம், முகத்துவாரம்.

பெயரைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நார்வேயில் கடல்வாய் பாறையில் அமைந்தது, இடம் மாறாது. நம் கடல்வாய்கள் மணலும் வண்டலும். ஒரு பெருவெள்ளம் வந்தால் ஓரிடத்தில் அடைத்து, வேறிடத்தில் திறந்துகொள்ளும். கடலே இல்லாத திருப்பூர்ப் பக்கத்தின் வியாபாரம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படிப்பட்ட வாய்களை நம்பித்தான் நடந்திருக்கிறது.

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை நம்மவர்கள் அறிவார்கள். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது கல்மணிப் பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன என்பதைப் பனியன்காரர்கள் கவனிக்க! காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். பொள்ளாச்சி, வெள்ளலூர், கத்தாங்கண்ணி, கரூர் என்று பாலக்காட்டுக் கணவாய் வழியை ஒட்டியே ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வழி மேற்கே போய்ச் சேர்ந்த இடம் பெரியாற்றின் கழிமுகத்தில் இருந்த முசிறி.

அக்காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கையேடு, முசிறி கடலிலிருந்து 20 ஸ்டேடியா ஆற்றுக்குள் இருந்தது என்கிறது. நம் கணக்கில் மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே ஏற்றிய சரக்குகளில் மிளகு, முத்து, தந்தத்தோடு ஒளி ஊடுருவும் கற்களையும் சேர்த்திருக்கிறார். படியூர்க் கல் அதில் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். ரோமானியரான பிளினி மட்டும் குறை சொல்கிறார்: கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நிற்கின்றனவாம், சரக்கைப் படகில்தான் கொண்டுபோக வேண்டுமாம்.

2007 முதல் பறவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் தோண்டுகிறார்கள். ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், மிளகு, படகுத்துறை, ஒரே மரத்தில் குடைந்த தோணி எல்லாம் கிடைத்திருக்கின்றன. அதுதான் முசிறி என்பதை ஒப்பாதவர்களும் உண்டு. வாய் நகர்ந்துகொண்டே இருக்கும் கரையில் ஊரைத் தேடினால் அப்படித்தான் ஆகும்.

கிழக்குக் கரையில், எங்கள் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக் கழியில் அரிக்கமேடு. 1937இல் அங்கே ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று சொல்லப்படும் முகம் பொறித்த கல் ஒன்றைக் கண்டவர் பேராசிரியர் ழூவோ துப்ரேய். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் போட்டவை என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்களில் சிலர் அதை ஏற்கவில்லை. சாயப்பட்டறைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு வீலர் பக்கம் மனம் சாய்வதில் வியப்பில்லை.

மறுபடியும் மேற்குக்கரை. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கம் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டது, கொச்சியில் வாய் அகன்று துறைமுகம் ஆயிற்று என்பது நெடுநாள் வழங்கும் செய்தி. ஆனால் கொச்சி வாயின் குறுக்கேயும் மணல்மேடு இருந்தது. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தபோது பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நின்றன. சரக்கு படகில் போயிற்று. பிளினி சொன்ன அதே குறை, ஆயிரத்தெண்ணூறு ஆண்டு கழித்து! பிரிஸ்டோ அந்த மேட்டை வெட்டினார். 1928இல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வெல்லிங்டன் தீவு.

இன்று நம் பின்னலாடைப் பெட்டிகளில் பெரும்பங்கு தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கே எந்த ஆற்று வாயும் வேண்டியதில்லை. திறந்த கடலில் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டிய செயற்கைத் துறைமுகம் அது. ஒரு பங்கு மட்டும் பழையபடி கணவாய் வழியே, 2011இல் திறந்த வல்லார்பாடம் முனையத்துக்குப் போகிறது. அந்தக் கப்பல் வழியில் இப்போதும் வண்டல் இறங்குகிறது. தூர்வாரும் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கிறது.