சில்லி ராணிகளும் ஒரு பாட்டியின் பீன்ஸ் சட்டியும்

சில்லி என்றதும் நம் ஆட்களுக்கு கையேந்தி பவன் சில்லி சிக்கனும், சில்லி பரோட்டாவும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது அதுவல்ல. அமெரிக்காவில் சில்லி என்றால், மாட்டிறைச்சியை மிளகாய், சீரகம், பூண்டு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த கெட்டிக் குழம்பு. முழுப்பெயர் 'சில்லி கான் கார்னே'. ஸ்பானிய மொழியில் 'இறைச்சியுடன் மிளகாய்' என்று அர்த்தம். கவனியுங்கள், மிளகாய் போட்ட இறைச்சி என்று பெயர் இல்லை. முதல் மரியாதை மிளகாய்க்குத்தான்.

குளிர்காலத்தில் அங்கே பல வீடுகளில் இதைச் செய்வது ஸ்லோ குக்கரில். நம்மூர் பிரஷர் குக்கருக்கு நேர் எதிரான ஜென்மம் அது. விசில் கிடையாது, அவசரம் கிடையாது. காலையில் எல்லாவற்றையும் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் வந்து சாப்பிடலாம். குழம்பு பிறந்த ஊர் வேறு, சட்டி பிறந்த ஊர் வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு கடலும் ஒரு கண்டமும் இருக்கின்றன. ஆனால் இரண்டின் வேரையும் தேடிப் போனால், பெயர் பெரிதாகப் பதிவாகாத சில பெண்களிடம் போய் நிற்கிறோம். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் குழம்பு. ஊர் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ. 1828இல் ஜே.சி. கிளாப்பர் என்பவர் அங்கே போய்வந்ததை எழுதி வைத்திருக்கிறார். அப்போது டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. காசு கொடுத்து இறைச்சி வாங்க வேண்டி வந்தால் ஏழைக் குடும்பங்கள் கொஞ்சமாகத்தான் வாங்கும், அதைப் பொடிப்பொடியாக வெட்டி, ஏறக்குறைய இறைச்சித் துண்டுகளின் எண்ணிக்கைக்கே மிளகாயையும் போட்டு வேகவைப்பார்கள் என்கிறார் அவர். பெயர் சொல்லாவிட்டாலும் இது நம் சில்லிதான். இல்லாதவர்கள் கொஞ்சத்தை நிறையாக்கக் கண்டுபிடித்த வழி.

பிறகு அந்தக் குழம்பு தெருவுக்கு வந்தது. 1877இல் சான் அன்டோனியோவுக்கு ரயில் வந்தது, கூடவே வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் மிலிட்டரி பிளாசா என்ற சதுக்கத்தில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் கடை விரிப்பார்கள். வீட்டிலேயே சமைத்து, பெரிய பானைகளில் வண்டியேற்றிக் கொண்டுவந்து, திறந்தவெளியில் விறகுத்தீயில் சூடாக வைத்திருப்பார்கள். நீள மேஜை, பெஞ்சு, வண்ணக் கண்ணாடி விளக்கு, பக்கத்தில் பாட்டுக்காரர்கள். 10 சென்ட் கொடுத்தால் ஒரு தட்டு. (நம்மூர் தள்ளுவண்டிக் கடையில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு நான் மேற்கொண்டு வர்ணிக்கத் தேவையில்லை.) பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'சில்லி ராணிகள்'. 1895இல் இந்த ஊருக்கு வந்த எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன்கூட இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1893இல், சிகாகோ உலகக் கண்காட்சியில் 'சான் அன்டோனியோ சில்லி' என்று ஒரு கடையே போட்டார்கள்.

ராணி என்று பட்டம் கொடுத்தார்களே தவிர, இடம் கொடுக்க ஊருக்கு மனசில்லை. மிலிட்டரி பிளாசாவில் நகராட்சிக் கட்டடம் கட்டும் வேலை 1889இல் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பினார்கள். அலமோ பிளாசா, ஹேமார்க்கெட் பிளாசா என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். 1937இல் சுகாதாரத் துறை ஒரு விதி கொண்டுவந்தது: கட்டடத்துக்குள் இயங்கும் உணவகத்துக்கு என்னென்ன நிபந்தனைகளோ, அதே நிபந்தனைகள் தெருக்கடைக்கும் உண்டு. சுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுவரே இல்லாத கடையிடம் சுவர் உள்ள கடையின் வசதிகளைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? 1939இல் மேயர் மோரி மேவரிக் அவர்களைத் திரும்ப அனுமதித்தார். 1943இல் விதிகள் மறுபடி இறுகின. அத்தோடு முடிந்தது. தெருவோரக் கடைகளை 'ஒழுங்குபடுத்தும்' கதையை எந்த ஊரில் கேட்டாலும் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இதற்கிடையில் காசு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர், சான் அன்டோனியோவுக்கு அருகில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மிளகாய் வருடம் முழுக்கக் கிடைக்காத பொருள். வற்றலைக் காயவைத்து, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் மூன்று முறை விட்டுப் பொடியாக்கினார். 1896இல் 'ஈகிள் பிராண்ட்' என்று வணிகப் பெயரைப் பதிவு செய்து, சான் அன்டோனியோவிலேயே தொழிற்சாலை போட்டார். சில்லித்தூள் நாடு முழுக்கப் போனது. அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, நல்ல யோசனைதான். ஆனால் பொடிக்குப் பதிவுப் பெயர் கிடைத்தது. அந்த ருசியை ஊருக்கே பழக்கிவிட்டவர்களுக்குக் கடை போட 10 அடி இடம்கூட நிலைக்கவில்லை. 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தபோது, கடைசி ராணி கடையைக் கட்டி 34 வருடம் ஆகியிருந்தது.

இனி சட்டி. இதற்கு நாம் வில்னா போகவேண்டும். இன்றைய லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸ்தான் அது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. யூதர்கள் மிகுந்த ஊர். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை சப்பாத் என்னும் ஓய்வுநாள். அப்போது தீ மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிட வேண்டும். என்ன செய்வது? பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி எல்லாம் ஒரு சட்டியில் போட்டு, வெள்ளி மாலை தெருமுனை பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி சுட்டு முடித்த பெரிய அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் ராத்திரி முழுக்க அது வேகும். மறுநாள் போய் எடுத்துவருவார்கள். இதற்குப் பெயர் சோலன்ட். விதியை மீறாமல் விதிக்குள்ளேயே ஒரு வழி!

இந்தப் பேக்கரிக் கதையை, வில்னாவில் வளர்ந்த தமாரா நாகும்சோன் என்ற அம்மா அமெரிக்காவில் தன் மகனிடம் சொன்னார். சட்டியைக் கொடுத்தனுப்பியது தமாராவின் அம்மா, அதாவது மகனுக்குப் பாட்டி. மகன் பெயர் இர்விங், சிகாகோவில் பொறியாளர், ஏகப்பட்ட காப்புரிமைகள் வாங்கிய மூளைக்காரர். (ஓடும் எழுத்துகளில் செய்தி காட்டும் மின்பலகைக்கு முன்னோடியான ஒன்றும் அவருடையது.) பேக்கரி இல்லாமலே அதே மெதுவான சூட்டைத் தரும் பாத்திரத்துக்கு 1936இல் விண்ணப்பித்து, 1940 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். ஜெர்மானியப் பெயர் மாதிரி இருப்பதால் போர்க்காலத்தில் தொல்லை என்று 1945இல் நாகும்சோன் என்பதை நாக்சன் என்று சுருக்கிக்கொண்டார். யூதக் குடும்பம், ஜெர்மன் பெயர் என்பதற்காகப் பெயரை மாற்றிக்கொள்கிறது. வரலாற்றுக்கு இப்படியும் ஒரு கோணல் புத்தி.

காப்புரிமை கிடைத்து ஒன்றரை வருடத்தில், 1941 ஜூனில், ஜெர்மானியப் படை வில்னாவுக்குள் நுழைந்தது. ஊர் யூதர்களில் மிகப் பெரும்பாலானோர் பக்கத்திலிருந்த பொனாரிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவை 1943 செப்டம்பரில் காலி செய்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த தெருவும், அந்த நடைக்குப் பழகிய மனிதர்களும் போய்விட்டார்கள். சான் அன்டோனியோ கடைகள் மூடப்பட்டதும் 1943தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வருடம் ஒன்றாக இருந்தது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நாக்சன் தன் சட்டியை 'பீனரி' என்ற பெயரில் விற்றார். பேர் சொல்கிறபடி பீன்ஸ் வேகவைக்கும் சாமான். பெரிதாக ஓடவில்லை. 1970இல் ரைவல் என்ற கான்சாஸ் சிட்டி நிறுவனம் அவர் தொழிலை வாங்கியது. பீன்ஸ் என்ன, எதைப் போட்டாலும் வேகிறதே என்று புரிந்துகொண்டு, 1971இல் 'கிராக்-பாட்' என்று புதுப்பெயரோடு சந்தைக்கு விட்டது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் அலுவலகம் போகத் தொடங்கிய காலம் அது. சமைப்பவர் வெளியே போயிருக்கும்போது சட்டியே சமைத்துக்கொள்ளும் என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலர்! (ஆண்கள் சமைக்கலாமே என்ற யோசனையைவிட சட்டி வாங்குவது சுலபமாக இருந்திருக்கிறது :-)) இப்படித்தான் பாட்டியின் சட்டிக்குள் ராணிகளின் குழம்பு வந்து விழுந்தது.

சரி, இரண்டும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன? சில்லிக்கு நல்லது தோள்பட்டைப் பகுதியின் முரட்டு இறைச்சி. அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்பொருள் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்பின் வழவழப்பு அதிலிருந்து வருவது. ஸ்லோ குக்கரில் சூடேற்றும் கம்பி பக்கவாட்டில் சுற்றியிருக்கிறது. அடியிலிருந்து தீ இல்லாததால் அடிப்பிடிக்காது, கிண்டவும் வேண்டாம். பேக்கரி அடுப்பும் இப்படித்தான், எல்லாப் பக்கமும் ஒரே மிதமான சூடு.

செய்ய நினைப்பவர்களுக்கு: 1 கிலோ இறைச்சியைத் துண்டு போட்டு (மாடு வேண்டாதவர்கள் ஆட்டுத் தொடை) முதலில் வாணலியில் சிவக்க வறுங்கள். ஸ்லோ குக்கருக்கு வறுக்கத் தெரியாது, அந்தச் சூடு அதனிடம் இல்லை. அதே வாணலியில் 2 பெரிய வெங்காயம், 6 பல் பூண்டு வதக்குங்கள். அவர்கள் போடும் ஆஞ்சோ மிளகாய் காரம் குறைந்தது, நிறம் அதிகம். நமக்குக் கைகொடுப்பது காஷ்மீரி மிளகாய். 8, 10 வற்றலை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, 2 தேக்கரண்டி வறுத்த சீரகப்பொடி, கொஞ்சம் ஓரிகானோ, உப்பு சேர்த்து எல்லாவற்றையும் சட்டியில் போடுங்கள். தண்ணீர் ஒரு டம்ளர் போதும், மூடிக்குள் ஆவி போக வழியில்லை. 'லோ'வில் 8 மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்; ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, திரும்ப ஏற நேரமாகும்.

பீன்ஸ் விஷயம்தான் முக்கியம். டெக்சாஸ்காரர்கள் சில்லியில் பீன்ஸ் போட்டால் சண்டைக்கு வருவார்கள். மற்ற மாநிலங்களில் ராஜ்மாவும் தக்காளியும் இல்லாமல் சில்லியே இல்லை. நீங்கள் எந்தக் கட்சியோ, பச்சை ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு. அரைவேக்காட்டில் நாலைந்து பயறு தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதிக்கும் சூட்டில்தான் அது அழியும். 80 டிகிரி அளவிலேயே நின்றுவிட்டால் நச்சு கூடக்கூட வாய்ப்பிருக்கிறது. பீன்ஸுக்காகவே பிறந்த சட்டி, இந்த ஒரு பீன்ஸிடம் தோற்றுப்போகிறது. 5 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். நம் பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. பூப்போல வெந்த ராஜ்மாவைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும். தக்காளி போடுவதானால் முதலிலேயே போடுங்கள், ஆனால் வேகாத பயறோடு சேர்க்காதீர்கள். புளிப்பில் பயறு வேகாமல் விறைத்து நிற்கும்.

கெட்டியாக வேண்டுமென்றால் இறக்குவதற்கு முன் 2 கரண்டி மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சோற்றோடும் சாப்பிடலாம், சப்பாத்திக்கும் ஆகும். மிச்சமிருந்தால் மறுநாள் இன்னும் ருசி.